கொங்கு நாட்டில் ஒரு வெப்சைட் வியாபாரம்: ஆர்டர் விழுந்த பிறகு நடப்பது

கொங்கு நாட்டு வியாபாரம் காலங்காலமாக மொத்த வியாபாரம். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு ஒரு பார்ட்டி வந்தால் பேல் கணக்கில் கட்டிக்கொண்டு போவார். திருப்பூர் பனியனும் கரூர் வீட்டு உபயோகத் துணிகளும் கன்டெய்னரில் கப்பல் ஏறுகின்றன. நாமக்கல் முட்டை லாரி லாரியாகக் கேரளா போகிறது. வாங்குகிறவர் யார், எந்த ஊர், பணம் எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியும். சரக்கில் கோளாறு என்றால் ஒரு போன் போதும், அடுத்த லோடில் கழித்துக்கொள்வார்கள்.

இதே ஊர்களிலிருந்து இப்போது சொந்த வெப்சைட் போட்டு விற்கிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள் தூள், செக்கு எண்ணெய், கோயம்புத்தூர் கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் படித்த பையனோ பெண்ணோ தொடங்குவார்கள். பெங்களூரில் ஐடி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. வெப்சைட்டைக் கட்டுவது இன்று பெரிய காரியம் இல்லை. ரெடிமேட் மென்பொருளை வைத்து ஓரிரு வாரத்தில் கடை திறந்துவிடலாம். மூச்சு வாங்க வைப்பது அதற்குப் பிறகு தினமும் வருகிற வேலை.

அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஆயிரம் பீஸை ஒரே ஆளுக்கு விற்றுப் பழகிய குடும்பம், ஆயிரம் பீஸை ஆயிரம் பேருக்கு விற்கப் பார்க்கிறது. குடோன், கணக்கு, பேச்சு, விலை போடும் முறை எல்லாமே முதல் வகை வியாபாரத்துக்காக அமைந்தவை. இரண்டாவது வகைக்கு அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது.

ஸ்டாக்கில் தொடங்கலாம். வெப்சைட்டில் ஒரு டிசைன் பன்னிரண்டு பீஸ் இருப்பதாகக் காட்டுகிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் புனேயிலிருந்து ஒருவர் பணம் கட்டி ஆர்டர் போடுகிறார். காலையில் குடோனுக்குப் போனால் அந்த அடுக்கு காலி. கேட்டால் மாமா, "கேரளாப் பார்ட்டி வந்தாங்க கண்ணு, இருந்தத எல்லாம் கட்டி உட்டுட்டேன்" என்கிறார். அவர் செய்ததில் தப்பே இல்லை. முப்பது வருஷமாகச் சரக்கைக் கண்ணால் பார்த்து மனசில் கணக்கு வைத்து விற்றவர். ஆனால் புனேக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனமான பேமென்ட் கேட்வே பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. அவர் இனி நம் பக்கம் வருவாரா என்பதும் சந்தேகம்.

இதற்கு மென்பொருள் தீர்வுகள் உண்டு. பார்கோடு ஒட்டி, குடோனில் எது வெளியே போனாலும் ஸ்கேன் செய்தால் வெப்சைட்டில் தானாகக் குறையும். ஆனால் அவசரத்தில் பேல் கட்டும்போது ஒவ்வொரு பீஸையும் ஸ்கேன் செய்ய யாரும் நிற்பதில்லை. நடைமுறையில் உருப்படுவது எளிய வழிதான்: வெப்சைட்டுக்கென்று தனி அலமாரி, தனிச் சாவி. அந்தச் சரக்கு மொத்தத்துக்குப் போகாது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ரேட்டில் ஒரு பார்ட்டி வாசலில் நிற்கும்போது அந்த அலமாரியைத் தொடாமல் இருக்க மனசு ரொம்பக் கெட்டியாக இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். கைத்தறித் துணியில் சாயம் லாட்டுக்கு லாட்டு, அதாவது ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும், கொஞ்சம் மாறும். நூல், தண்ணீர், காய்ச்சும் நேரம் எல்லாம் அதில் சேரும். சந்தையில் துணியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. வெப்சைட்டில் ஒரு லாட்டைப் படம் எடுத்துப் போட்டிருப்போம், போவது அடுத்த லாட். போதாததற்கு வாங்குகிறவரின் போன் திரை வேறு நிறம் காட்டும். "படத்துல மயில் பச்சை, வந்தது வேற பச்சை" என்று ரிட்டர்ன் கேட்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். லாட் மாறும்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில் புதுப் படம் எடுக்க வேண்டும். அளவு, எடை, நூலின் தரம், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு ரிட்டர்ன் குறைகிறது. ஆனால் இது நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை, அந்த நாளின் கூலியை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

பணம் உண்மையில் ஒழுகுவது கூரியரில். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற அநேகம் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூரியர் கம்பெனிகள் தராசில் காட்டும் எடைக்கு மட்டும் கட்டணம் போடுவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுக்கிறார்கள். வருவதுதான் கன அளவு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஒரு பெட்ஷீட் 1.1 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 40க்கு 30க்கு 10 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் 12,000. 5000ஆல் வகுத்தால் 2.4 கிலோ. அரைக் கிலோ படியில் ஏற்றினால் 2.5 கிலோவுக்குக் காசு. அதாவது பாதிக்கு மேல் காற்றுக்குக் கட்டணம் கட்டுகிறோம். தலையணை விற்கிறவர் பாடு இதைவிட மோசம்: 60க்கு 40க்கு 20 பெட்டி என்றால் 9.6 கிலோ, உள்ளே இருப்பது ஒரு கிலோ பஞ்சுதான். கிரைண்டர் விற்கிற கோயம்புத்தூர்க்காரருக்கு நேர்மாறான கஷ்டம். கல் நிஜமாகவே கனம், அதுவும் வழியில் உடையாமல் போய்ச் சேர வேண்டும்.

துணியை இறுக்க மடித்து, காற்றை உறிஞ்சும் கவரில் போட்டு 32க்கு 26க்கு 6 அளவுக்குள் கொண்டுவந்தால் கன எடை ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது தராசு எடைதான் பில்லாகும். ஆனால் பிரிக்கும்போது துணி கசங்கியிருக்கும். புதுத் துணி மடிப்புக் கலையாமல் விறைப்பாக வரும் என்று எதிர்பார்க்கிறவர் முகம் சுளிப்பார். எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கசங்கல் பரவாயில்லை, ஒரு சீட்டில் காரணத்தை எழுதி உள்ளே வைத்தால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒரு அளவு எழுதி அனுப்புவோம், அவர்கள் இயந்திரத்தில் அளந்து வேறு அளவு சொல்லிப் பிற்பாடு கூடுதல் பில் போடுவார்கள். மறுத்துப் பேச ஆதாரம் வேண்டும். அதனால் பழகியவர்கள் ஒவ்வொரு பார்சலையும் டேப் வைத்து, தராசில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் முப்பது பார்சல் என்றால் தினமும் முப்பது முறை.

கேஷ் ஆன் டெலிவரி தனிக் கதை. பெயர் தெரியாத ஒரு வெப்சைட்டில் முன்பணம் கட்ட மக்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால் வாசலில் பணம் வாங்கும் வசதியைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரு ரூபாயும் கட்டாமல் ஆர்டர் போட்டவருக்கு, பார்சல் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வதும் சுலபம். வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, மனசு மாறிவிட்டது, எதுவாக இருந்தாலும் பார்சல் திரும்பி வரும். போன கட்டணம், திரும்பி வந்த கட்டணம் இரண்டும் விற்றவர் தலையில். விற்ற பணமும் கூரியர் வசூல் செய்து சில நாள் கழித்துத்தான் கைக்கு வரும். பலர் இப்போது அனுப்புவதற்கு முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு போனிலேயே பாதி விளையாட்டு ஆர்டர்கள் தெரிந்துவிடும். முன்பணம் கட்டினால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்று வைக்கிறவர்களும் உண்டு. அது நல்ல வழி.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெட்ஷீட் விலை 1,000 ரூபாய், வரி உட்பட, டெலிவரி இலவசம். ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் அதில் சுமார் 48 ரூபாய் வரி, மிச்சம் 952. தறியிலிருந்து வாங்கிய விலை 550. கவர், பெட்டி, டேப், லேபிள் 25. கூரியர் 140. பேமென்ட் கேட்வே 2 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 24. கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட்டு ஒரு ஆர்டர் பிடிக்க 120. கூட்டினால் 859. கையில் நிற்பது 93 ரூபாய். பத்து பார்சலில் ஒன்று திரும்பி வருகிறது என்றால், அந்த ஒன்றுக்குப் போக வரக் கூரியர், பேக்கிங், விளம்பரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 ரூபாய் நஷ்டம். அதை விற்ற ஒன்பதின் மேல் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 45. ஆக 1,000 ரூபாய் விற்பனையில் நிற்பது 48. உங்கள் சரக்குக்கும் ஊருக்கும் ஏற்ப எண்கள் மாறும், ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. மொத்த வியாபாரத்தில் 600, வெப்சைட்டில் 1,000, அப்படியானால் 400 கூடுதல் லாபம் என்று மனக்கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவது இதனால்தான்.

யுபிஐயில் பணம் வந்தால் செலவு குறையும். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் எம்டிஆர் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் கேட்வே நிறுவனங்கள் சில வேறு பெயரில் கட்டணம் வைத்திருக்கின்றன. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சேர வேண்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்க்காமல் சரக்கு வெளியே போகக் கூடாது.

வரியும் சட்டமும் சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெப்சைட் போட்டால் முதல் நாளே பாலக்காட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆர்டர் வரும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. கணக்கு தாக்கல் செய்யும்போது எந்த மாநிலத்துக்கு எவ்வளவு விற்றோம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பத்து பில்லில் மாதத்தை முடித்துப் பழகிய ஆடிட்டருக்கு முன்னூறு பில் போகிறது, அவர் கட்டணமும் ஏறுகிறது.

விகிதம் மாறினால் அன்றைக்கு இரவு தூக்கம் இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று அப்படித்தான் ஆயிற்று. அதுவரை பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்த துணி வகைகள் 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறின. 1,500 ரூபாய் பெட்ஷீட்டுக்கு நல்ல காலம், 2,500ஐத் தாண்டும் பெட்ஷீட்டுகளுக்குக் கஷ்ட காலம். மொத்தக் கடையில் பில் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். வெப்சைட்டில் ஒவ்வொரு பொருளாகத் திறந்து பார்க்க வேண்டும், பாதி வழியில் இருக்கிற ஆர்டர்களையும் யோசிக்க வேண்டும்.

2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி வெப்சைட்டில் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறை கேட்கும் அலுவலரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மஞ்சள் தூளும் எண்ணெயும் விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவோ உரிமமோ வேண்டும். இவை சுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முகவரியைத் தெளிவாகப் போட்ட கடையைத்தான் மக்கள் நம்புகிறார்கள், அதனால் இந்த விதிகள் நேர்மையாக விற்கிறவருக்கு உதவுகின்றன என்றே நினைக்கிறேன்.

கடை நிற்கிற இடமும் ஒன்று இருக்கிறதே. ஊரில் கடை என்றால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வெப்சைட் விஷயத்தில் அதே ஆட்கள் அதைக் கேட்பதே இல்லை. வெப்சைட்டின் முகவரியான டொமைன் பெயரை, அதைக் கட்டிக்கொடுத்த தம்பி தன் இமெயிலில் பதிவு செய்திருப்பார். அவர் நல்லவர், ஏமாற்றும் எண்ணம் கிடையாது. ஆனால் வேறு வேலைக்குப் போய்விடுவார், நம்பர் மாறிவிடும், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அந்தப் பழைய பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை வெப்சைட் திறக்காது. டாட் காம் பெயராக இருந்தால், காலக்கெடு முடிந்த பிறகு, பெயரைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனம் தருகிற சலுகை நாட்கள் கொஞ்சம் உண்டு. அதுவும் போனால் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. கடைசியாக ஐந்து நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பல வருஷம் உழைத்துச் சேர்த்த பெயர் அத்தோடு போச்சு. டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, விளம்பரக் கணக்கு, கடையின் வாட்ஸ்அப் நம்பர் ஆகிய ஐந்தும் முதலாளியின் சொந்த இமெயிலிலும் போன் நம்பரிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானியங்கிப் பிடித்தத்துக்கு முன்கூட்டியே பதிவும் ஒப்புதலும் வேண்டும், பிடிப்பதற்கு முன் அறிவிப்பும் வர வேண்டும். பாதுகாப்புக்கு இது நல்லது. ஆனால் வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கு மாதாமாதம் போகிற பணம் சில சமயம் நிராகரிக்கப்படும். அறிவிப்பைக் கவனிக்காவிட்டால் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் கடை மூடிக் கிடக்கும்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய கடைகளுக்கு, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களை அப்டேட் செய்வது ஒரு தீராத வேலை. அப்டேட் செய்யாவிட்டால் பழைய ஓட்டை வழியாக யாரோ உள்ளே வருவார்கள், செய்தால் சில நேரம் பில் பக்கம் வேலை செய்யாமல் போகும். பேக்கப் எடுத்துவிட்டு, ஆர்டர் குறைவான நேரத்தில் செய்து, உடனே ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட மனசை நோகடிப்பது படத் திருட்டு. நாம் எடுத்த படங்களை அப்படியே எடுத்து, பாதி விலை போட்டு, போலிக் கடை திறந்து பணம் பறிக்கிறார்கள். ஏமாந்தவர் நம்மைத்தான் திட்டுவார். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லலாம். அந்தப் பக்கத்தை முடக்கக் கேட்டு எழுதலாம். முடங்குவதற்குள் இன்னொன்று முளைத்திருக்கும்.

இவ்வளவு இருந்தும் பெரிய ஆன்லைன் சந்தைகளில் மட்டும் விற்காமல் எதற்குச் சொந்த வெப்சைட் என்று கேட்கலாம். அங்கே கமிஷன் போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே வாங்குகிறவர் யார் என்பதே நமக்குத் தெரியாது, அவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர். இன்னொன்று பவானி ஜமக்காளத்தைப் பார்த்தால் புரியும். அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகமும்கூட. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு அதே பெயரில், பாதி விலையில் விற்கிறது. ஒரே திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது விலை மட்டும்தான் கண்ணில் படும். சொந்த வெப்சைட்டில் குழித்தறியைக் காட்டலாம், நெய்கிற கையைக் காட்டலாம், ஒரு விரிப்புக்கு எத்தனை நாள் ஆகிறது, அந்த விலையில் நெசவாளிக்கு எவ்வளவு போகிறது என்று எழுதலாம். நெசவை விட்டு அடுத்த தலைமுறை வெளியேறிக்கொண்டிருக்கிற ஊரில் இது வெறும் விளம்பரம் இல்லை. அந்தப் பொருள் அதன் விலைக்கு விற்க இப்போது இருக்கிற சில வழிகளில் இது ஒன்று.

அதனால்தான் அந்த 48 ரூபாயை மறுபடி பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டோம். இந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றில் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்வதும், பார்சல் கட்டுவதும், கேஷ் ஆன் டெலிவரிக்குப் போன் போட்டு உறுதி செய்வதும் வீட்டுப் பெண்தான். மனைவி, மருமகள், இல்லை கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள். சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல், "ஏனுங்க, இந்த நீலம் சாயம் போகுமுங்களா?" என்று வருகிற குரல் செய்திக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர். அவருக்குச் சம்பளம் கிடையாது, வீட்டு வேலையோடு வேலை என்று போய்விடுகிறது.

வெளியாள் வைத்தால் மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். மாதம் 300 பார்சல் என்றால் ஒரு பார்சலுக்கு 50. நம்மிடம் நின்றது 48. ஆக, லாபம் என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காத கூலி.

இதற்கு வெளியே வர வழியும் அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு முறை வாங்கியவர் மறுபடி வந்தால் விளம்பரத்துக்கான 120 ரூபாய் செலவே இல்லை. அவர் கேஷ் ஆன் டெலிவரி கேட்பதும் குறைவு, பார்சலைத் திருப்பி அனுப்புவதும் குறைவு. மறுபடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் தடவை கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தவர்கள். சாயம் முதல் அலசலில் கொஞ்சம் போகும், தனியாக நனையுங்கள் என்று உண்மையைச் சொன்னவரிடம்தான் அடுத்த பொங்கலுக்கு நாலு பெட்ஷீட் கேட்டு வருகிறார்கள். எனவே விலை போடும்போது நூல் விலைக்கும் கூரியருக்கும் முன்னால் அந்தச் சம்பளத்தை எழுதுங்கள், மாதம் பிறந்தால் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். 1,000 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகவில்லை என்றால் பெட்ஷீட்டின் விலை 1,080.